உச்சியக்காவின் உண்மையான வேலைநிறுத்தம்

அந்த எஃகு ஊரில் மனிதர்களை முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லத் தெரியாத ஒரே ஆள் உச்சியக்காதான். கண்ணில் கோளாறு ஒன்றும் கிடையாது. ஆலையின் வார்ப்புக் கூடத்தில், கூரையை ஒட்டி ஓடும் பெரிய கிரேனின் கூண்டுக்குள் உட்கார்ந்தே வாலிபத்தைக் கழித்தவள் அவள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் யாருக்கு மூக்கு தெரியும், யாருக்கு முழி தெரியும்? உச்சந்தலைதான் தெரியும். ஒருவருக்கு வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது என்பது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே இவளுக்குத் தெரிந்துவிடும்.

கடைத்தெருவில் எதிரே வந்து யாராவது, "என்னக்கா, சௌக்கியமா?" என்று கேட்டால் முதலில் முழிப்பாள். பிறகு, "கொஞ்சம் குனி" என்பாள். கேட்டவர் மரியாதையாகக் குனிவார். உடனே முகம் மலர்ந்துவிடும். "அட, ரெட்டைச் சுழி! நீயா? பிள்ளைங்க எப்படிடா இருக்காங்க?"

ஆலைக்குள் எல்லோரும் தலைக்கவசம் போட்டிருப்பார்களே, சுழி எப்படித் தெரியும் என்று கேட்கலாம். போட வேண்டும் என்றுதான் விதி. மேலதிகாரி வரும்போது போட்டார்கள்.

ஊரின் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம், பெரிய கதையில்லை. முதலில் அங்கே சிவப்பாக ஒரு மலை மட்டும் இருந்தது. மலைக்குள் இரும்பு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தோண்டிப் பார்த்தார்கள், இருந்தது. ஆலை வந்தது. ஆலைக்கு ஆள் வேண்டுமே என்று ஊர் வந்தது. மலை கரையக் கரைய ஊர் வளர்ந்தது. கடைசியில் மலை இருந்த இடத்தில் ஒரு பள்ளமும், பள்ளத்தில் மழைத்தண்ணீரும் மிஞ்சின. ஆனாலும் பழைய பேர் யார் வாயிலிருந்தும் போகவில்லை. "மலையில இறங்கி ஒரு முங்கு போட்டுட்டு வரேன்" என்று ஊர்க்காரர்கள் சொல்லும்போது வெளியூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். உலைப்புகை படிந்து வீடு, மரம், பூனை எல்லாமே செங்கல் நிறம். வெள்ளைச் சட்டையோடு ஒருவன் தெருவில் போனால், வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை என்று அர்த்தம்.

உச்சியக்கா கிரேனுக்கு வந்ததும் ஒரு கூத்துதான். அவள் ஆலை உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவும் வேலை கேட்டுத்தான் போனாள். அன்றைக்குப் பார்த்து, வெளியிலிருந்து புதிய கிரேன் ஒன்று வந்து இறங்கியிருந்தது. செய்தவர்கள் எங்கே அளவு தப்பினார்களோ, கூண்டு மட்டும் பொம்மைக்குச் செய்ததுபோல இருந்தது. ஓட்டத் தெரிந்த ஆண்கள் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். ஒருவருக்கு முழங்கால் போகவில்லை, இன்னொருவருக்குத் தோள் போகவில்லை. மூன்றாமவர் எப்படியோ உள்ளே போய்விட்டார். ஆனால் வெளியே வர முடியவில்லை, எண்ணெய் ஊற்றித்தான் உருவி எடுத்தார்கள். வரிசையில் நின்ற குள்ளமான பெண்ணை ஃபோர்மேன் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, உயரத்துக்குப் பயப்படுவியா?"

"தெரியாதுங்க. நான் உயரமா இருந்ததே இல்ல."

அந்தப் பதில் ஃபோர்மேனுக்குப் பிடித்துவிட்டது. அன்றே மேலே ஏறினாள்.

கிரேன் ஓட்டுபவர் கண்ணுக்கு எட்டாததைக் கீழே நின்று கையால் காட்ட ஓர் ஆள் வேண்டும். சைகைக்காரர் என்பார்கள். விரல் மேலே போனால் தூக்கு, கீழே போனால் இறக்கு, கையை மடக்கி முஷ்டியாக்கினால் நிறுத்து. அவளுக்கு வாய்த்த சைகைக்காரர் நெட்டையான, அமைதியான மனிதர். கொதிக்கிற இரும்பை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வருஷக்கணக்கில் கையாலேயே பேசிக்கொண்டார்கள். ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் அவர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். அப்படி ஒரு சைகை விதிப்புத்தகத்தில் இல்லை. அவள் புரிந்துகொண்டு கட்டைவிரலை உயர்த்தினாள்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதர் அமைதியானவரே இல்லை என்று. இரைச்சலில் அவர் பேசியது எதுவும் மேலே கேட்கவில்லை, அவ்வளவுதான். அவளும் கூண்டுக்குள் வாய் மூடியிருந்ததில்லை. வீட்டில் இருவருக்கும் ஒரே நேரத்தில் காது கேட்டபோது குடும்பம் இரண்டு மாதம்கூடத் தாங்காது போலிருந்தது. அப்புறம் ஒருநாள் சண்டை உச்சத்துக்குப் போன நேரத்தில் அவர் தன்னையறியாமல் முஷ்டியை மடக்கிக் காட்ட, அவளும் பழக்கதோஷத்தில் சட்டென்று நிறுத்திவிட்டாள். அதிலிருந்து முக்கியமான விஷயங்களை எல்லாம் கையாலேயே வைத்துக்கொண்டார்கள். மாமியார்தான் பாவம், மகனிடம் புலம்புவார்: "ரெண்டு பேரும் கைய கைய ஆட்டிக்கிறீங்களே, என்னைப் பத்தித்தானேடா?"

பிறகு எல்லா எஃகு ஊருக்கும் வருகிற காலம் இந்த ஊருக்கும் வந்தது. எங்கேயோ யாரோ இதைவிட மலிவாக எஃகு செய்தார்கள். உலை அணைந்தது. உலை அணைந்த அன்று யாரும் அழவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஊரே துணி துவைத்தது. துவைத்த துணி முதல்தடவையாக வெள்ளையாகவே காய்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சிலர் அழுதார்கள்.

சில வருஷம் கழித்து ஆலையை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். நகரத்திலிருந்து இளைஞர் ஒருவர் மேலாளராக வந்தார். நல்ல மனிதர், மெல்லிய குரல், எதற்கெடுத்தாலும் "அருமை" என்பார். ஊர்க்காரர்களைக் கூட்டி அவர் சொன்னார்: "சும்மா இயந்திரத்தை மட்டும் காட்டினா யாருங்க வருவாங்க? உயிரோட இருக்கணும். நீங்கதான் நடிக்கப்போறீங்க. பழைய தொழிலாளர்களா!"

ஊருக்கு ஒரே கொண்டாட்டம். மறுநாள் ஆள் தேர்வு. கிரேன் ஓட்டுபவர் வேடத்துக்கு உச்சியக்கா போய் நின்றாள். மேலாளர் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களைப் பார்த்தா கிரேன் ஓட்டுறவங்க மாதிரி இல்லையே."

"நான் கிரேன் ஓட்டினவதாங்க."

"இருக்கலாம். ஆனா பாக்கிறவங்க நம்பணுமில்லையா?"

கிரேன் வேடம் தபால்காரருக்குப் போனது. புஜமும் மார்பும் அப்படி. அவர் ஆலைக்குள் வாசலைத் தாண்டி வந்ததே கிடையாது. ஃபோர்மேன் வேடம் டீக்கடைக்காரருக்கு, மீசைக்காக. உண்மையான ஃபோர்மேன் மெலிந்து, கூனி, தழதழத்த குரலோடு இருந்ததால் அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். சைகைக்காரருக்கு அடித்தது யோகம்! நரைத்த தலை, நெடிய உருவம். டை கட்டி, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஆலையின் முதலாளி ஆக்கிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் நின்றே வேலை பார்த்த மனிதருக்குக் கிடைத்த முதல் நாற்காலி. அதை அவர் வீட்டில் வந்து மனைவிக்குக் கையாலேயே வர்ணித்தார், சுழலும் என்பது உட்பட.

உச்சியக்காவுக்கு என்ன வேடம்? வாசலில் சாப்பாட்டு டப்பாவோடு கணவனுக்காகக் காத்திருக்கும் தொழிலாளியின் மனைவி. வாழ்நாளில் அவள் செய்யாத ஒரே வேலை அது. அவளுக்கு டப்பா கட்டிக்கொண்டு வந்தவரே அவள் கணவர்தான். "ஏக்கமா பாருங்கம்மா" என்று மேலாளர் சொல்லிக்கொடுப்பார். ஏக்கமாகப் பார்ப்பாள். கிரேன் கூண்டைத்தான் பார்ப்பாள். அங்கே தினமும் காலையில் தபால்காரரை இரண்டு பேர் பின்னாலிருந்து முட்டிக்கொடுத்து உள்ளே ஏற்றுவார்கள், சாயங்காலம் இரண்டு பேர் காலைப் பிடித்து வெளியே இழுப்பார்கள். நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் மனிதர், காரணம் சொல்லத் தேவையில்லை. கிரேன் காலியாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா, என்ன உழைப்பு!" என்பார்கள்.

இதையெல்லாம் உச்சியக்கா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு சாக்கடையால்தான். பெண்கள் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு சாக்கடைக் குழி. அதன் இரும்பு மூடியை ஆலை மூடிக்கிடந்த காலத்தில் யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருநாள் ஏக்கத்தோடு நடந்ததில் அவள் கால் குழிக்குள் இறங்கிவிட்டது. ஈரக் காலோடு நேராக மேலாளரிடம் போனாள்.

"அந்த மூடியைப் போடுங்க தம்பி."

மேலாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "போடணும்மா. ஆனா பாரம்பரியக் குழு ஒத்துக்காது. இங்க இருக்கிற ஒவ்வொண்ணும் அந்தக் காலத்துப் பொருளா இருக்கணும். புது மூடி வாங்கக் கூடாது."

"சரி, பழைய மூடி?"

"அது தொலைஞ்சுபோச்சே."

"அப்ப குழி?"

"குழி அந்தக் காலத்துதான். அதனால அது இருக்கலாம்."

மறுநாள் உச்சியக்கா வாசலில் காத்திருக்கவில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். துடைப்பத்தோடு பழைய ஃபோர்மேனும் வந்து உட்கார்ந்தார். டீக்கடை ஃபோர்மேன் மீசையை முறுக்கி, "எழுந்திரிங்க!" என்று அதட்டிப் பார்த்தார். யாரும் அசையாததால் அவரும் உட்கார்ந்தார். "மூடி வேண்டும்! மூடி வேண்டும்!" என்று உச்சியக்கா குரல் கொடுத்தாள். உலை இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. கூடத்தில் தகரம் அதிர்ந்தது.

பார்க்க வந்த கூட்டம் ஓடிவந்து சூழ்ந்தது. கைதட்டியது. ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு தத்ரூபம்!" என்றார் ஒருவர். மேலாளரும் கைதட்டினார். முடிந்ததும் ஓடிவந்து உச்சியக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அருமைம்மா! இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"மூடி..."

"இனிமே தினமும் ரெண்டு தடவை வேலைநிறுத்தம். நீங்கதான் தலைவி!"

அப்படித்தான் வேலைநிறுத்தம் அங்கே தினசரி வேலையாயிற்று. கோஷத்தை மேலாளரே எழுதிக்கொடுத்தார். வியர்வை, விடியல், வீறு எல்லாம் அதில் இருந்தன. சாக்கடை மூடி மட்டும் இல்லை, அது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதாம். உச்சியக்கா கண்ணாடி அறையின் முன்னால் நின்று, "முதலாளியே, இறங்கி வா!" என்று கர்ஜிப்பாள். உள்ளே அவள் கணவர் நாற்காலியைச் சுழற்றி முதுகைக் காட்டுவார். முதுகைக் காட்டியபடியே, கீழே தொங்கும் கையால், சாயங்காலம் ரொட்டி வாங்க வேண்டும் என்று சைகை செய்வார். கோஷம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்பார்கள். ஒரே ஒருநாள் மட்டும் வழியில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"இருந்தாலும் இன்னைக்கு 'ரத்தம் குடிக்கும் அட்டையே'ன்னு சொல்லும்போது என் கண்ணையே பாத்து சொன்ன."

"எழுதிக்கொடுத்ததைச் சொன்னேன்."

"நேத்தும் அதைத்தான் எழுதிக்கொடுத்தாங்க. நேத்து இவ்வளவு நல்லா சொல்லல."

அந்த வாரத்தில்தான் பழைய ஃபோர்மேன் பெருக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்து குழிக்குள் விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு எல்லோரும் டீக்கடைக்காரரின் பின்கட்டில் கூடினார்கள்.

"நிஜமாவே வேலைநிறுத்தம் பண்ணுவோம்" என்றார் டீக்கடைக்காரர்.

"பண்ணினா கைதட்டுவாங்க" என்றார் தபால்காரர். "நேத்துகூட ஒருத்தர் என் கையெழுத்து கேட்டார்."

"உண்ணாவிரதம்?"

"அதுக்கும் நேரம் போட்டு பலகை வச்சிடுவாரு அந்தப் பையன்."

உச்சியக்கா டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். நம் வேலையே வேலைநிறுத்தம் செய்வதுதான் என்று ஆகிவிட்டது. அப்படியானால் வேலையை நிறுத்துவது என்றால்...

"வேலைநிறுத்தத்தை நிறுத்திடுவோம்" என்றாள்.

"நிறுத்திட்டு?"

"வேலை பாப்போம்."

பழைய ஃபோர்மேன் வீங்கிய காலை மெல்ல இறக்கி வைத்தார். "வார்ப்புக் கூடத்துல சின்ன உலை ஒண்ணு இருக்கு" என்றார். தழதழத்த குரல் அன்றைக்குக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. "கரி இருக்கு. மணல் இருக்கு. உடைஞ்ச இரும்பு இந்த ஊர்ல எங்க இல்ல? ஒரு மூடிதானே."

ஒருவருக்கு மட்டும் இதில் தயக்கம். சைகைக்காரர் டையை நீவிக்கொண்டே, "நான் நிர்வாகத் தரப்பாச்சே. நான் எப்படி இதுல கலந்துக்கிறது?" என்றார். சொன்னது வேடிக்கைக்கு இல்லை, அவர் முகம் அப்படி வாடியிருந்தது. உச்சியக்கா விரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள். இறக்கு. அவர் பெருமூச்சு விட்டு டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கதவு திறப்பதற்கு முன்பே சின்ன உலை புகைந்தது. பழைய ஃபோர்மேன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, டீக்கடைக்காரர் மணலைக் குழைத்து அச்சு இறுக்கினார். வழக்கம்போல ஏறிவிட்ட தபால்காரரைக் கூண்டிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"அக்கா, இப்பத்தான் உயிரைக் கொடுத்து உள்ள வந்தேன்."

"வெளிய வா. நான் போகணும்."

இழுத்து எடுத்தார்கள். உச்சியக்கா ஏணியில் ஏறினாள். பாதி ஏணியில் மூச்சு வாங்கியது. நின்று, வாங்கிவிட்டு, ஏறினாள். கூண்டு இன்னும் அவள் அளவாகவே இருந்தது, இடுப்பில் மட்டும் கொஞ்சம் முனகியது.

வேலைநிறுத்த நேரத்துக்குக் கூட்டம் வந்துவிட்டது. கோஷம் இல்லை, கர்ஜனை இல்லை. நாலைந்து வயசானவர்கள் பேசாமல் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் கொஞ்சநேரம் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்: "எப்பங்க ஆரம்பிக்கும்?" பதில் வராததால், "இன்னைக்கு ஒண்ணும் இல்ல போல" என்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு மலைப் பள்ளத்துக் குளத்தைப் பார்க்கப் போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள்.

மேலாளர் தலைதெறிக்க ஓடிவந்தார். "ஐயோ! என்ன பண்றீங்க?"

"வேலை பண்றோம் தம்பி" என்றார் பழைய ஃபோர்மேன்.

"வேலை பண்ணக் கூடாதுங்க! இது ஆலைங்க! காப்பீட்டுல நடிப்புன்னுதான் இருக்கு. யாராவது நிஜமா வேலை செஞ்சது தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாங்க!"

"அப்ப நடிக்கிறோம்னு வச்சுக்கோ. கொஞ்சம் தள்ளி நில்லு, சுடும்."

மேலே கூண்டில் உச்சியக்காவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. வாளியில் இரும்பு சிவந்து தளும்பியது. கீழே அவள் கணவர் வந்து பழைய இடத்தில் நின்றார். அவள் குனிந்து பார்த்து ஒரு கணம் திகைத்துப்போனாள். நெட்டை மனிதர், குள்ளமான மனைவி. உலை அணைந்த பிறகு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் உச்சந்தலை அவள் கண்ணில் சரியாகப் பட்டதே இல்லை. முன்பு அடர்ந்த முடிக்கு நடுவே இடப்பக்கம் சுழித்த ஒரு சுழி இருக்கும். அதைப் பார்த்துத்தான் அவரை ஆயிரம் பேரில் கண்டுபிடிப்பாள். இப்போது அந்த இடத்தில் சுழியும் இல்லை, முடியும் இல்லை. வெறும் வெளிச்சம்தான் பளபளத்தது. யாரோ ஒரு கிழவர் நிற்கிறார் என்று நினைத்தாள். பிறகு அந்தக் கிழவர் கையை உயர்த்தினார். அந்தக் கையில் சந்தேகமே இல்லை.

தூக்கு என்றது கை. தூக்கினாள். மெல்ல என்றது. மெல்ல வந்தாள். அச்சுக்கு நேர் மேலே வந்ததும் முஷ்டி மடங்கியது. வாளி ஆடாமல் நின்றது. மேலாளர் வாயைத் திறந்தபடி "அருமை" என்றார். உடனே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆறியதும் மணலை உடைத்துப் பார்த்தார்கள். அழகான மூடி என்று சொல்லமுடியாது. ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் கோணல், நடுவில் டீக்கடைக்காரரின் கட்டைவிரல் ரேகை. ஆனால் யானை ஏறினாலும் தாங்கும். தூக்கிக்கொண்டு குழிக்குப் போகலாம் என்று புறப்பட்டபோது மேலாளர் குறுக்கே வந்து நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இது இந்த ஆலையோட கடைசி வார்ப்பு. புரியுதா உங்களுக்கு? இதைப் போய்ச் சாக்கடை மேல போடுறதா?"

பாரம்பரியக் குழு ஒரே வாரத்தில் ஒத்துக்கொண்டது, வரலாறு காணாத வேகம். மூடிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தார்கள், கனமான பீடத்தோடு. அதை எங்கே வைப்பது? பீடம் நகர்த்தக்கூடிய எடை இல்லை. மற்ற இடமெல்லாம் அந்தக் காலத்துப் பொருள், எதையும் ஒதுக்கக் கூடாது. தேடித் தேடிப் பார்த்ததில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம்தான், பெண்கள் கழிப்பறைக்குப் போகிற வழி. சாக்கடைக் குழிக்கு மேலேயே பீடத்தை இறக்கினார்கள்.

ஆக குழி மூடப்பட்டது. இனி யாரும் அதில் விழ முடியாது. அந்த வழியாகக் கழிப்பறைக்கும் யாரும் போக முடியாது. பெண்கள் இப்போது உலைக்கூடத்தைச் சுற்றி, கரி முற்றத்தைத் தாண்டி, பின்வழியாகப் போகிறார்கள். வந்தவர்கள் பெட்டியின் முன் நின்று மூடியைப் பயபக்தியோடு பார்ப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் வழி தெரியாமல் நிற்பவர்கள்.

தபால்காரர்தான் இப்போது வேலைநிறுத்தத் தலைவர். விலாசம் வாசிப்பதுபோல கோஷம் போடுகிறார், கூட்டம் குறைந்துவிட்டது. கிரேன் வேடத்தை மேலாளர் உச்சியக்காவுக்கே கொடுத்துவிட்டார். "பாக்கிறவங்க நம்பலைன்னா நம்பாம போகட்டும்மா" என்றார், அவரும் மாறித்தான் போயிருந்தார். சைகைக்காரர் நிர்வாகத்துக்குத் துரோகம் செய்தவர் ஆகிவிட்டதால் கண்ணாடி அறையில் இப்போது டை கட்டிய பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கழிப்பறை வழி பற்றிய புகாரை எல்லோரும் அதனிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

"என்ன சொல்லுச்சு?" என்று ஒருநாள் உச்சியக்கா பழைய ஃபோர்மேனைக் கேட்டாள்.

"குறுக்க பேசல" என்றார் அவர். "முழுசா கேட்டுக்குச்சு."